வானெகட்டை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? கப்பன் பார்க் வாசிப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலை பெங்களூர் கப்பன் பார்க்கில், மூங்கில் புதர்ப் பக்கம், பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தமிழில் சத்தமாக வாக்குவாதம் செய்துகொண்டிருந்தால் அது நாங்கள்தான். இந்த வருடம் ஒரே எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்: அமெரிக்கரான கர்ட் வானெகட். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். வாராவாரம் பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. குழுவில் பாதிப் பேருக்கு இவற்றோடு உடன்பாடு கிடையாது.

யார் சார் இந்த வானெகட்?

1922 நவம்பர் 11-ல் இண்டியானாபோலிஸில் பிறந்தவர். ஜெர்மானிய வம்சாவளி, அப்பாவும் தாத்தாவும் கட்டடக் கலைஞர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கப் போனவர், மாணவர் பத்திரிகையில்தான் அதிக நேரம் கிடந்தார். 1943-ல் ராணுவத்தில் சேர்ந்து, 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். ஊர் திரும்பியதும் சிகாகோவில் மானுடவியல் படித்தார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் விளம்பரச் செய்திகள் எழுதினார். பிறகு கேப் காட் என்ற கடலோரப் பகுதியில் சாப் கார் விற்கும் ஷோரூம் வைத்து அதிலும் தேறவில்லை. 1958-ல் அவருடைய அக்காவும் அக்கா புருஷனும் ஓரிரு நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். ஒருவருக்குப் புற்றுநோய், இன்னொருவருக்கு ரயில் விபத்து. அவர்களுடைய நான்கு பையன்களில் மூன்று பேரைத் தன் மூன்று பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். ஆறு பிள்ளைகள் உள்ள வீடு. கையில் கிடைத்த பத்திரிகைக்கெல்லாம் கதை எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். 14 நாவல்கள் எழுதிவிட்டு, 2007 ஏப்ரல் 11-ல் நியூயார்க்கில் இறந்தார்.

அவர் அறிவியல் புனைகதை எழுத்தாளரா, இலக்கிய எழுத்தாளரா?

இதைக் கேட்டால் அவருக்கே கோபம் வரும். முதல் நாவல் 'பிளேயர் பியானோ' 1952-ல் வந்தது. தான் வேலை பார்த்த ஊரில் கண்ணால் பார்த்ததை எழுதியதாகத்தான் அவர் நினைத்திருந்தார். விமர்சகர்கள் 'கதையில் இயந்திரம் வருகிறது' என்று சொல்லி அவரை அறிவியல் புனைகதை அலமாரியில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். அந்த அலமாரியைப் பெரிய விமர்சகர்கள் மூத்திரம் போகும் இடமாக நினைக்கிறார்கள் என்று 1965-ல் ஒரு கட்டுரையில் புலம்பியிருக்கிறார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். வார்த்தைகள் இன்னும் காரமாக இருக்கும்.

ஆனால் அந்த அலமாரியிலிருந்து எடுத்த சாமான்களை அவர் கடைசிவரை திருப்பிக் கொடுக்கவில்லை. வேற்றுக்கிரகவாசிகள், காலப் பயணம், உலகத்தையே உறைய வைக்கும் பொருள் என்று எல்லாம் வரும். ஒன்றும் ஒழுங்காக விளக்கப்பட்டிருக்காது. விண்கலம் எப்படி ஓடுகிறது என்று அவரிடம் கேட்டால், 'ஓடுகிறது, மேலே படி' என்பார்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள சுலபமான வழி புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சாட்சாத் பரமசிவன் சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார். பிள்ளை அவரை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறார், வீட்டுக்கு அழைத்துப்போகிறார், கடைசியில் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா வாங்கிக் கணக்கில் பதிந்துகொள்கிறார். அதைப் பக்திக் கதை என்று யாராவது சொல்வோமா? புராணத்திலிருந்து ஒரு ஆளைக் கடன் வாங்கி, நம் தெருவை அந்த ஆளின் கண்ணால் பார்க்க வைத்த நக்கல் அது. புதுமைப்பித்தனுக்குச் சிவபெருமான் எப்படியோ, வானெகட்டுக்கு டிரால்ஃபமடோர் கிரகத்து ஆசாமிகள் அப்படி. பக்கத்தில் நின்று சொன்னால் வாய் கோணும், அழுகை வரும், இல்லையென்றால் பிரசங்கம் ஆகிவிடும். அதற்குத்தான் தூரத்திலிருந்து ஒரு விருந்தாளி.

அந்த அலமாரியையே கிண்டல் செய்ய அவர் உருவாக்கிய பாத்திரம் கில்கோர் டிரவுட். நூற்றுக்கணக்கில் அறிவியல் கதை எழுதியும் பேர் கிடைக்காத கிழவர். பல நாவல்களில் தலைகாட்டுவார். டிரவுட்டின் யோசனைகள் பிரமாதம், எழுத்து படுமோசம். தியடோர் ஸ்டர்ஜன் என்ற நிஜ எழுத்தாளரை மனதில் வைத்துத்தான் அந்தப் பெயர்: ஸ்டர்ஜனும் மீன், டிரவுட்டும் மீன். 1975-ல் கில்கோர் டிரவுட் பெயரிலேயே ஒரு நாவலும் கடைக்கு வந்தது. எழுதியவர் ஃபிலிப் ஹோசே ஃபார்மர் என்ற வேறொருவர்.

சரி, எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்க?

எல்லாரும் நேராக 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' வாங்குகிறார்கள். வேண்டாம் என்பேன். முதலில் 'ஹாரிசன் பெர்ஜரான்' என்ற சிறுகதை. 1961-ல் வந்தது, பத்து நிமிடத்தில் முடியும். கி.பி. 2081, எல்லாரும் சமம். அழகானவருக்கு முகமூடி, பலசாலிக்கு உடம்பில் குண்டுகள் நிறைந்த பை, புத்திசாலிக்குக் காதில் ரேடியோ. அவன் எதையாவது கோர்வையாக யோசிக்க ஆரம்பித்தால் இருபது விநாடிக்கு ஒருமுறை டமார் என்று சத்தம் போட்டு யோசனையைக் கலைக்கும். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

அது பிடித்தால் 'கேட்ஸ் க்ரேடில்', அதன் பிறகு 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்'. தன் புத்தகங்களுக்குத் தானே மார்க் போட்டிருக்கிறார் மனிதர். 1981-ல் வந்த ஒரு தொகுப்பில், இந்த இரண்டுக்கும் ஏ பிளஸ், முதல் நாவலுக்கு பி, 'பிரேக்ஃபாஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' நாவலுக்கு சி, 'ஸ்லாப்ஸ்டிக்' நாவலுக்கு டி. கடைசி மார்க்கை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அது வேறு சண்டை.

'கேட்ஸ் க்ரேடில்' நாவலில் வரும் ஐஸ்-நைன் நிஜமா?

நாவலில் ஐஸ்-நைன் என்பது தண்ணீரின் ஒரு வடிவம். சாதாரண ஐஸ் பூஜ்ய டிகிரியில் உருகும். இது கிட்டத்தட்ட 46 டிகிரி செல்சியஸ் வரை கட்டியாகவே இருக்கும். ஒரு துணுக்கு தண்ணீரில் பட்டால் போதும், பக்கத்துத் தண்ணீரும் அதைப் பார்த்துக் கெட்டியாகும், அது அடுத்ததை, இப்படியே கடல் வரை. பால் தயிராக உறைவது போலத்தான், ஆனால் உறை ஊற்றியவனையும் சேர்த்து உறைய வைக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சொன்ன கதை இன்னும் அழகு: சேற்றில் நடந்து அலுத்துப்போன ஒரு ராணுவ ஜெனரல், 'இந்தச் சேற்றை ஒழிக்க ஏதாவது செய்யுங்களேன்' என்று விஞ்ஞானியிடம் கேட்கிறார். அவ்வளவுதான் அடிப்படை.

யோசனை வானெகட்டுடையது இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்த நோபல் பரிசு வேதியியலாளர் இர்விங் லாங்மியூர், அங்கே வந்த எச்.ஜி.வெல்ஸிடம் கதைக்கு ஆகும் என்று சொன்னது. வெல்ஸ் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் இறந்தபின் வானெகட் எடுத்துக்கொண்டார். அவருடைய அண்ணன் பெர்னார்டும் அதே கம்பெனியில், சில்வர் அயோடைடு தூவி மேகத்தில் பனித்துகள் உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். உறைதல், விதைத்துகள் என்பதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சு. பனியில் ஒன்பதாம் வடிவம் நிஜமாகவே உண்டு. கடுங்குளிரிலும் பெரும் அழுத்தத்திலும்தான் இருக்கும், கடலை ஒன்றும் செய்யாது.

இந்த அத்தியாயத்தை நாங்கள் படித்த அன்று, பெள்ளந்தூரில் வீடு வாங்கிய ஒரு தம்பி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், 'அண்ணா, தண்ணி கெட்டியாகிறது ஒரு அதிசயமா? எங்க ஏரிக்குத் தீயே பிடிச்சுது' என்றான். உண்மைதான். 2017 பிப்ரவரியில் பெள்ளந்தூர் ஏரி எரிந்தது, 2018 ஜனவரியில் மறுபடியும். அதற்கு முன்பே சோப்பு நுரை கரையைத் தாண்டி ரோட்டில் வந்து, பைக்காரர்கள் அதற்குள் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நம் ஏரியில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் கலக்கவில்லை. பாத்திரம் தேய்த்தோம், துணி துவைத்தோம். நாவலின் விஞ்ஞானியும் அப்படித்தான். கெட்டவர் கிடையாது. தான் உருவாக்க உதவிய அணுகுண்டு ஹிரோஷிமாவில் விழுந்த நாளில் வீட்டில் உட்கார்ந்து விரலில் நூல் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தவர்.

பொகோனன் மதம் என்கிறீர்களே, அது என்ன?

அதே நாவலில், சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தீவுக்காக ஒருவர் இட்டுக்கட்டிய மதம். தன் வேதம் முழுக்கப் பொய் என்று முதலிலேயே சொல்லிவிடும். மனதுக்கு இதமான, யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்க்கு அதில் ஃபோமா என்று பெயர். காரணமே தெரியாமல் உங்கள் வாழ்க்கையோடு பின்னிக்கொண்ட ஆட்கள் கராஸ். அர்த்தமில்லாத பெருமைக்கூட்டம் கிரான்ஃபலூன். 'நீங்களும் நம்ம ஊரா!' என்று மெட்ரோவில் கையைப் பிடித்துக்கொள்கிறோமே, அது பெரும்பாலும் கிரான்ஃபலூன். எங்கள் குழுவும் அதுதானோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' போர் நாவலா? அதில் வேற்றுக்கிரகவாசிகளுக்கு என்ன வேலை?

1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் குண்டு வீச ஆரம்பித்தன. அமெரிக்க விமானங்கள் தொடர்ந்தன. இருபத்திரண்டு வயதுக் கைதியான வானெகட், ஐந்தாம் எண் கசாப்புக் கூடத்தின் அடியில் இறைச்சி வைக்கும் நிலவறையில் இருந்தார். மேலே வந்தபோது ஊர் இல்லை. பிறகு பல நாள் இடிபாட்டுக்குள் இறங்கிப் பிணங்களை எடுக்கும் வேலை. நாவலில் இறந்தவர்கள் 1,35,000 என்று வரும். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த தவறான எண் அது. வரலாற்றாய்வாளர் குழு 2010-ல் அதிகபட்சம் 25,000 என்று முடிவு சொன்னது. படிக்கும்போது பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.

இதை எழுத அவருக்கு 24 வருடம் பிடித்தது. 1969-ல்தான் புத்தகம் வந்தது. முதல் அத்தியாயமே 'எழுத முடியவில்லை' என்ற கதைதான். பழைய போர் நண்பனைப் பார்க்கப் போகிறார். நண்பனின் மனைவி ஐஸ் தட்டை ஸிங்க்கில் டம்மென்று போட்டு, கதவை அடித்துச் சாத்துகிறாள். கடைசியில் வெடிக்கிறாள்: 'அப்போது நீங்கள் எல்லாம் குழந்தைகள். சினிமா ஹீரோ மாதிரி எழுதப்போகிறீர்கள். அதைப் பார்த்து இன்னொரு போருக்கு இன்னும் குழந்தைகள் போவார்கள்.' அப்படி எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார். புத்தகத்தை அவளுக்கும் ஒரு டாக்ஸி டிரைவருக்கும்தான் சமர்ப்பித்திருக்கிறார்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் டிரால்ஃபமடோர். நாயகன் பில்லி பில்கிரிம் காலத்தில் கழன்று போனவன். ஒரு கதவைத் திறந்தால் கல்யாண நாள், அடுத்ததைத் திறந்தால் கைதி முகாம். அவனைப் பிடித்துப்போகும் பச்சை நிற ஆசாமிகளுக்குக் காலம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். கோயில் கோபுரத்தில் எல்லாக் கதையும் ஒரே நேரத்தில் நிற்கிறதே, அப்படி. பிறப்பு ஒரு மாடம், சாவு ஒரு மாடம், எதுவும் முடிந்துபோவதில்லை. போரைப் பார்த்த மனிதனின் மண்டைக்குள் நடப்பதும் இதுதான் இல்லையா? கொதிக்கும் எண்ணெய்ச் சத்தம் கேட்டாலும் அவன் திரும்ப அங்கே இருப்பான். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் வைப்பார். வானெகட் ஒரு கிரகம் வைத்தார்.

ஒரே ஒரு பக்கம் படிக்க நேரம் இருந்தால், பில்லி ராத்திரியில் போர்ப்படத்தைப் பின்னோக்கிப் பார்க்கும் இடத்தைப் படியுங்கள். எரியும் நகரத்தின் மேல் விமானங்கள் பின்னால் பறந்து வந்து, நெருப்பைச் சுருக்கி உருளைகளுக்குள் அடைத்து, வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கின்றன. தொழிற்சாலையில் பெண்கள் ராப்பகலாக அந்தக் குண்டுகளைப் பிரித்துப் போடுகிறார்கள். உள்ளே இருந்த கனிமங்களைத் திரும்ப மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள், யாரையும் காயப்படுத்தாதபடி. இதைப் படித்துக் காட்டிய அன்று மூங்கில் புதர்ப் பக்கம் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சுண்டல்காரர் வந்துதான் பேச்சு திரும்பியது.

'ஸோ இட் கோஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

எங்கள் நட்பு முறியப் பார்த்த கேள்வி. அந்த நாவலில் யார் செத்தாலும், எது செத்தாலும், இந்த மூன்று சொல் வரும். நூறு தடவைக்கு மேல். மனிதன் செத்தாலும் அதே, பேன் செத்தாலும் அதே, வாயு போன ஷாம்பெயினுக்கும் அதே.

'எல்லாம் விதி' என்றார் ஸ்ரீராம்புரத்து மாமா. கூடாது, விதி என்றதும் அதை எழுதிய ஒருவன் வந்துவிடுகிறான், வானெகட்டின் வாக்கியத்தில் யாரும் இல்லை. 'போகட்டும்' என்றால் மன்னித்ததாக ஆகிறது. 'அது அப்படித்தான்' அதட்டுகிறது. 'அவ்வளவுதான்' நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பதாவது தடவை வரும்போது பிரசங்கி மேசையைத் தட்டுவது போல் கேட்டது. ஒரு பக்கத்தை ஒவ்வொரு சொல்லாகப் போட்டுச் சத்தமாகப் படித்துப் பார்த்தோம்.

நான் 'ஆச்சு' பக்கம். சாவு வீட்டில் வெளியே வந்து ஒருவர் தலையாட்டிச் சொல்வது அதுதான். கல்யாணம் முடிந்தாலும் ஆச்சு, குக்கர் இறக்கினாலும் ஆச்சு. துக்கமும் இல்லை, ஆறுதலும் இல்லை, நடந்தது என்ற கணக்கு மட்டும். சோடாவுக்கும் பொருந்தும். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐடியில் வேலை பார்க்கிறேன். எனக்கு எந்தப் புத்தகம்?

'பிளேயர் பியானோ'. மார்க் பி தான், நடை கொஞ்சம் இழுக்கும். இருந்தாலும் இந்த ஊரில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி கடிக்கும். இலியம் என்ற ஊர். ஆற்றுக்கு ஒரு பக்கம் இன்ஜினியர்களும் மேனேஜர்களும், மறுபக்கம் இயந்திரத்திடம் வேலையைப் பறிகொடுத்த மற்ற எல்லாரும். அவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. செய்ய வேலைதான் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கில் தானாக உலோகம் செதுக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துத்தான் இது தோன்றியது.

அதில் ரூடி என்று ஒரு கடைசல் தொழிலாளி. அவன் கை அசைவுகளை நாடாவில் பதிவு செய்து, அந்த நாடாவை வைத்தே எல்லா இயந்திரங்களையும் ஓட்டி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கிழவனான ரூடிக்கு அதில் வருத்தம் இல்லை, 'என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்' என்ற பெருமை. மதுக்கடையில் தானாக வாசிக்கும் பியானோவில் காசு போட்டுவிட்டு, கட்டைகள் ஏறி இறங்குவதைப் பார்த்து, ஏதோ பேய் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசிப்பது போல இருக்கிறது என்பான்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார். பதினோரு வருடம் ஒரே கம்பெனியில் டெஸ்டிங் வேலை. போன வருடம் மூன்று மாதம் அவரை உட்கார வைத்து, செய்வதையெல்லாம் திரையோடு பதிவு செய்து, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் கேட்டு எழுதி வாங்கினார்கள். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், சுருக்கமாக கே.டி. முடிந்த வாரமே மீட்டிங் ரூமில் ஒரு கவர் கொடுத்தார்கள். 'பேர் வச்சவன் தமிழன்தான்டா, கேடின்னு சரியா வச்சிருக்கான்' என்றார் அக்கா. 'நல்லா டாக்குமெண்ட் பண்ணியிருக்கீங்கன்னு அந்த மேனேஜர் பாராட்டினப்போ எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அதுதான் எரிச்சல்.' ரூடியை அவரைவிட நன்றாக விளக்கிய விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இன்னொரு துண்டு: பிராட்புர் என்ற நாட்டின் ஷா அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறார். வேலை செய்யும் சாதாரண ஜனங்களைப் பார்த்து 'டகாரு' என்கிறார். அவர் மொழியில் அடிமைகள். 'இல்லை, இவர்கள் குடிமக்கள்' என்று கூட வருபவர் திருத்துகிறார். ஷா தலையாட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்தைப் பார்த்து மறுபடி 'டகாரு' என்கிறார். விருந்தாளியை வைத்து வீட்டைக் காட்டும் வித்தை, முதல் நாவலிலேயே.

நம்ம சுஜாதா மாதிரியா?

பெங்களூர்க்காரர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் அல்லவா. இரண்டு பேருக்கும் சின்ன வாக்கியம் பிடிக்கும், நக்கல் பிடிக்கும், கம்பெனி வாழ்க்கை தெரியும். ஆனால் சுஜாதாவுக்குக் கருவி மேல் காதல் உண்டு. ஜீனோ என்ற இயந்திர நாய் எப்படி யோசிக்கும் என்பதில் அவருக்கே ஒரு குதூகலம். வானெகட்டுக்குக் கருவி மேல் அக்கறையே இல்லை. அதை வாங்கியவன் மேல்தான். யார் உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஜாலஹள்ளி வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

பெண்களை ஒழுங்காக எழுதியிருக்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. டிரால்ஃபமடோர் மிருகக்காட்சிசாலையில் பில்லிக்கு ஜோடியாக அடைக்கப்படும் நடிகை மொன்டானாவுக்கு உடம்பு இருக்கிறது, வாய் இல்லை. ஸிங்க்கில் ஐஸ் தட்டை அடித்த அந்த நண்பன் மனைவிதான் எனக்கு அவருடைய ஆகச்சிறந்த பெண் பாத்திரம், அவரும் நிஜ ஆள்.

அவர் புத்தகங்களை எரித்தார்களாமே?

எரித்தார்கள். 1973-ல் வடக்கு டகோட்டாவில் டிரேக் என்ற சின்ன ஊரின் பள்ளியில், 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' பிரதிகள் 32-ஐ அடுப்பில் போட்டார்கள். பள்ளிக்குழுத் தலைவருக்கு வானெகட் எழுதிய கடிதம் கோபமும் மரியாதையும் கலந்தது. நியூயார்க் பக்கம் இன்னொரு பள்ளி நூலகத்திலிருந்து நீக்கிய புத்தகங்களிலும் அது இருந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளிகள் நூலகப் புத்தகத்தை எடுக்கக் கூடாது என்ற பக்கம் 1982-ல் சாய்ந்தது.

புத்தகம் எங்கே வாங்க?

சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தக மாடிகளில் தேடுங்கள், வி வரிசையில் இல்லாவிட்டால் அறிவியல் புனைகதை அலமாரியில் இருக்கும். ஆமாம், இன்னும் அங்கேதான்.

படமெல்லாம் போட்டிருக்கே, பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

'பிரேக்ஃபாஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' நாவலைத்தான் சொல்கிறீர்கள். ஆப்பிள், பசு, ஹாம்பர்கர் என்று அவரே ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த படங்கள், பூமியைப் பார்த்தே இராதவனுக்கு விளக்குவது போல. ஆனால் முன்னுரையிலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஒரு நட்சத்திரம் இருக்கும். அது நட்சத்திரம் இல்லை. மனித உடம்பின் பின்பக்கத்து ஓட்டை, வரைந்தவரே அப்படித்தான் சொல்கிறார்.

போன மாதம் ஒருவர் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கூட்டிவந்தார். பையன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றான். 'அப்பா, இது என்ன, ஸ்டாரா?'

அப்பா எங்களைப் பார்த்தார். நாங்கள் மூங்கிலைப் பார்த்தோம்.

'ஸ்டார்தான்டா' என்றார். நல்ல ஃபோமா.